வியாரெஜ்ஜோ நாட்குறிப்பு: பழைய செய்தித்தாளில் செய்த தலைகள்

முதல் நாள், சனிக்கிழமை

பீசா நகரில் ரயிலேறி, மனைவி பிளாஸ்கைத் திறந்து காப்பியை ஊற்றி, அது குடிக்கும் பதத்துக்கு ஆறுவதற்குள் வியாரெஜ்ஜோ வந்துவிட்டது. மொத்தமே 20 நிமிடப் பயணம். பிளாஸ்க் மூடியைக் கையில் ஏந்தியபடியே இறங்கினோம். கூட இறங்கியவர்களில் ஒருவர் தேனீ, இருவர் கார்டினல், ஒரு குடும்பம் முழுக்கத் தக்காளி.

இத்தாலியில் கார்னிவல், அதாவது தவக்காலத்துக்கு முந்தைய வேடக் கொண்டாட்டம், பார்க்கப் போகிறோம் என்றதும் தெரிந்தவர்கள் எல்லாரும் "வெனிஸா?" என்றுதான் கேட்டார்கள். வெனிஸில் முகமூடியும் பட்டும் அணிந்து அசையாமல் நிற்பார்கள். நாம் படம் எடுக்கலாம். இவ்ரெயா என்ற ஊரில் ஒருவரையொருவர் ஆரஞ்சுப் பழத்தால் அடித்துக்கொள்வார்கள். என் மூக்குக்கண்ணாடிக்கு அது ஒத்துவராது. வியாரெஜ்ஜோவைத் தேர்ந்தெடுக்க என் பழைய பிழைப்புதான் காரணம். 32 ஆண்டுகள் ஒரு தமிழ் நாளிதழில் பக்கம் கட்டியவன் நான். இரவு ஒரு மணிக்கு நான் முடித்த பக்கம் மறுநாள் மாலை கடலைப் பொட்டலமாகிவிடும். அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. பொட்டலமாவதும் ஒரு பயன்தானே. ஆனால், பழைய செய்தித்தாளையும் மாவுப் பசையையும் வைத்து மூன்று நான்கு மாடி உயரத்துக்கு மனிதத் தலைகள் செய்கிறார்கள் என்று பீசாவில் படிக்கும் எங்கள் மகள் தொலைபேசியில் சொன்னதும் நான் கிளம்பிவிட்டேன்.

இணையத்தில் "கடலைப் பார்த்த அறை" என்று போட்டிருந்த விடுதி அறை, பக்கத்து வீட்டுச் சமையலறையைப் பார்த்தபடி இருந்தது. அங்கே ஒரு பாட்டி பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். மனைவி அவருக்கு வணக்கம் சொன்னாள். அவரும் கத்தியை உயர்த்திப் பதில் வணக்கம் சொன்னார்.

மாலையில் கடற்கரைச் சாலைக்குப் போனோம். ஒரு பக்கம் கடல். திரும்பிப் பார்த்தால் அபுவானே மலைத்தொடர். உச்சிகளில் தெரியும் வெண்மையில் எது பனி, எது சலவைக்கல் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கர்ராராவின் சலவைக்கல் வெட்டி எடுக்கும் மலைகள் அவை. சாலையோரக் கட்டடங்களில் வண்ண ஓடு பதித்த இரட்டைக் குவிமாடத்தோடு ஒரு காபி விடுதி நிற்கிறது. முன்பு இங்கே எல்லாம் மரக்கட்டடங்களாக இருந்தனவாம். 1917-இல் ஒரு தீ அவற்றை விழுங்கிய பிறகு காரைக் கட்டடங்கள் எழுந்தன. ஓட்டு வேலைக்குப் பொறுப்பான கலிலேயோ கீனி, பாங்காக்கில் சயாம் மன்னரின் தர்பார் மண்டபத்துக்குச் சித்திரம் தீட்டப் போய்வந்தவர். குவிமாடத்தின் வளைவில் கீழ்த்திசைச் சாயல் தெரிவதாக எனக்குத் தோன்றியது. மகள் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

சுவரெங்கும் ஒரே கோமாளி: உடம்பில் சிவப்பு வெள்ளைக் கட்டங்கள், கறுப்பு அங்கவஸ்திரம், சிவப்புத் தொப்பி. பெயர் புர்லாமாக்கோ. ஊபெர்த்தோ பொனெத்தி என்ற ஓவியர் 1930-இல் வரைந்தது. சிவப்பும் வெள்ளையும் அந்தக் காலத்துக் கடற்கரைக் குடைகளின் நிறம். கட்டம் போட்ட உடை அர்லெக்கினோவிடமிருந்தும் கறுப்பு அங்கி பலன்த்ஸோனே என்ற பண்டிதக் கோமாளியிடமிருந்தும் எடுத்தவை. இருவருமே பழைய இத்தாலிய நாடகப் பாத்திரங்கள். பெயர் மட்டும் உள்ளூர்: ஊருக்குள் ஓடும் புர்லாமாக்கா கால்வாயிலிருந்து வந்தது. நான்கைந்து கோடுகளில் முடித்துவிட்டார் மனிதர். தபால்தலை அளவுக்குச் சுருக்கினாலும் அடையாளம் தெரியும். பக்கம் கட்டுகிறவன் கும்பிட வேண்டிய ஓவியர்.

தின்பதற்கு, எண்ணெயில் பொரித்துச் சர்க்கரைப் பொடி தூவிய மெல்லிய மாவுத் துண்டுகள். பெயர் செஞ்சி. நம் செஞ்சிக் கோட்டைக்கும் இதற்கும் உறவில்லை. இத்தாலியில் கந்தல் துணி என்று பொருள். பார்க்கவும் அப்படித்தான் இருக்கிறது. மூன்று பொட்டலம் தீர்ந்தது.

இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை

காலையில் விடுதிக்கார அம்மாள் ஒரு பை நிறையக் காகிதப் பொடியைக் கொடுத்து, "கொரியாந்தொலி, கொரியாந்தொலி" என்றார். மனைவி என்னைப் பார்த்தாள். "கொத்தமல்லி என்கிறாரா?"

கொத்தமல்லியேதான். ஒரு காலத்தில் இங்கே கார்னிவலில் சர்க்கரைப் பாகில் உருட்டிய கொத்தமல்லி விதைகளைத்தான் ஒருவர்மேல் ஒருவர் எறிந்தார்கள். விலை கட்டுப்படியாகாதவர்கள் சுண்ணச் சாந்து உருண்டைக்கு மாறினார்கள். அது கண்ணைக் கெடுத்தது. பிறகு மிலான் பக்கம் பட்டுப்புழுத் தட்டுகளில் விரிக்கத் தாளில் துளை போடும் ஆலையில், வெட்டி விழுந்த வட்டத் துண்டுகளை எறியலாம் என்று ஒருவருக்குத் தோன்றியதாம். விதை போய்க் காகிதம் வந்தது, பெயர் மாறவில்லை. உலகம் முழுக்கக் காகிதப் பொடிக்குக் 'கான்ஃபெட்டி' என்று இத்தாலியப் பெயர்; இத்தாலியிலோ அந்தச் சொல்லுக்குச் சர்க்கரை பூசிய பாதாம் என்று பொருள். இதைக் கேட்ட மனைவி, "நம் வீட்டில் கொத்தமல்லியை எறிந்தால் யார் பெருக்குவது?" என்றாள்.

ஊர்வலத்துக்கு டிக்கெட் உண்டு. கடற்கரைச் சாலையை அடைத்து, ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் வட்டமாக்கியிருக்கிறார்கள். காகிதத் தலைகளை ஏற்றிய வண்டிகள் அந்த வட்டத்தில் சுற்றிச் சுற்றி வரும். கயிறு கட்டி நம்மை ஒதுக்கி வைப்பதில்லை. வண்டிகளுக்கு நடுவிலேயே நடக்கலாம்.

பிற்பகல் மூன்று மணி சுமாருக்கு மூன்று முறை பீரங்கி வெடித்தது. மூன்றாவது வெடிக்குத் தெரு முழுவதும் ஒரே குரலாகக் கத்தியது.

வண்டி என்றுதான் எழுதப் போகிறேன். தேர் என்று எழுதக் கை வந்தது, அடித்துவிட்டேன். தேருக்குள் வழிபடத்தக்க ஒருவர் இருக்கிறார். இவற்றில் இருப்பவர்கள் எல்லாரும் கேலிக்கு உரியவர்கள்.

முதலில் வந்தது தனி வேடங்கள். ஒருவரே சுமந்துவரும் பெரிய பொம்மை உடைகள். பிறகு கூட்டு வேடங்கள். அப்புறம் சாலையின் கோடியில் ஒரு மண்டை எழுந்தது. பனைமரங்களுக்கு மேலே முதலில் நெற்றி, பிறகு புருவம். வண்டி நெருங்க நெருங்க மூக்கு, வாய், தாடை. ஒரு கிழவியின் முகம். எங்களுக்கு நேராக வந்ததும் இமைகள் மெதுவாகத் தாழ்ந்து, மறுபடி உயர்ந்தன. என் பக்கத்தில் நின்ற சிறுவன் அப்பாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்தான். நானும் அரை அடி பின்வாங்கினேன் என்று மனைவி சொல்கிறாள். பதிவில் சேர்க்கச் சொன்னதால் சேர்க்கிறேன்.

முதல் பிரிவு வண்டிகள் என்று அழைக்கப்படும் பெரியவை 20 மீட்டர் உயரம்வரை எழும்புகின்றன. ஒவ்வொன்றின் தட்டிலும் நூறு, இருநூறு பேர் ஒரே மாதிரி உடையில் ஆடுகிறார்கள். அவர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் இல்லை. மருந்துக்கடைக்காரர், பள்ளி ஆசிரியை, ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் என்று ஊர்க்காரர்கள்தான். இழுப்பது டிராக்டர். இசை காதைத் துளைக்கிறது. வண்டிமேல் இசைக்குழுவை ஏற்றும் வழக்கம் 1921-இல், முதல் உலகப் போர் இடைவெளிக்குப் பிறகு கார்னிவல் மீண்டும் தொடங்கியபோது வந்ததாம். அப்போது சத்தம் இவ்வளவு இருந்திருக்காது.

கேலி முக்கியமாக அரசியல்வாதிகளை. 2019-இல் ஃபப்ரிட்ஸியோ கல்லி என்பவர் டிரம்பைப் பொன் கவசமிட்ட பேரரசராகச் செய்த வண்டியின் படம் உலகச் செய்தித்தாள்களில் எல்லாம் வந்தது. இன்றும் எனக்குத் தெரிந்த சில தலைவர்கள் போனார்கள். தெரியாத இத்தாலியத் தலைவர்கள் நிறையப் போனார்கள். என் பக்கத்துப் பெண்மணி ஒவ்வொரு தலைக்கும் ஒரு வசவு சொல்லி, மகளை மொழிபெயர்க்கச் சொல்லி வற்புறுத்தினார். மகள் பாதிக்குமேல் மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள். இந்தக் கேலி தலைவர்களை உறுத்துமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. கேலிச்சித்திரம் வந்த மறுநாள் அதன் மூலப்படத்தைக் கேட்டு ஆள் அனுப்பிய அமைச்சர்களைப் பார்த்தவன் நான். இங்கே தலை செய்து மூன்று மாடிக்கு ஏற்றினால் கொண்டாடத்தான் செய்வார்கள்.

யாரோ ஒரு குழந்தை மனைவியின் சால்வைமேல் இளஞ்சிவப்பு நுரையைப் பீய்ச்சிவிட்டது. அவள் விடுதிக்காரம்மா கொடுத்த கொத்தமல்லிப் பையை அப்படியே அதன் தலையில் கவிழ்த்தாள். நாங்கள் பார்வையாளராக இருந்தது அதுவரைதான்.

மூன்றாம் நாள், திங்கட்கிழமை

இன்று எழுத நிறைய இருக்கிறது. இந்த ஒரு நாளுக்காகத்தான் வந்தேன்.

ஊரின் வடக்குப் பக்கம் 'சித்தாதெல்லா' இருக்கிறது. கோட்டைப் பட்டணம் என்று சொல்லலாம். 2001-இல் திறந்தது. நடுவில் நீள்வட்டத் திடல், அதைச் சுற்றிப் பதினாறு பிரம்மாண்டமான கொட்டகைகள். விமானம் நிறுத்தும் கொட்டகை போல வானத்தைத் தொடும் கதவுகள். வண்டிகள் பிறக்கும் இடம் இதுதான். மகள் முன்கூட்டியே எழுதி ஒரு பட்டறையைப் பார்க்க ஏற்பாடு செய்திருந்தாள்.

கொட்டகைக்குள் நுழைந்ததும் எனக்கு முதலில் வந்தது வாசனை. மைதாப் பசை! சுவரொட்டி ஒட்டுகிறவர்களின் வாளியில் இருக்குமே, அதே லேசான புளிப்பு. இங்கும் மாவையும் தண்ணீரையும் காய்ச்சித்தான் பசை. மனைவியிடம் சொன்னேன், "தேர்தல் வாசனை" என்றாள்.

எழுபது வயது மதிக்கத்தக்க பெரியவர் ஒருவர் காட்டினார். பேச்சு குறைவு, கை அதிகம். முதலில் களிமண்ணில் முகத்தைச் செய்கிறார்கள். அதன்மேல் பிளாஸ்டரைப் பூசி, காய்ந்ததும் பெயர்த்தால் குழிந்த அச்சு கிடைக்கும். அந்த அச்சின் உட்புறத்தில், பசையில் நனைத்த செய்தித்தாள் கீற்றுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, மூலை முடுக்கெல்லாம் விரலால் அழுத்துகிறார்கள். காய்ந்தபின் உரித்து எடுத்தால் முகம் வெளியே வரும். அதாவது முதலில் ஒட்டிய தாள்தான் மேல்தோல். கடைசியில் ஒட்டியது உள்ளே போய்விடுகிறது. அப்புறம் துண்டுகளை இணைத்து, இழைத்து, வெள்ளை அடித்து, வண்ணம் பூசி, இரும்புச் சட்டத்தில் ஏற்றுகிறார்கள்.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பெரியவர் புருவத்தை உயர்த்தினார். மகளைச் சொல்லச் சொன்னேன். நான் வேலையில் சேர்ந்த காலத்தில் ஈய எழுத்துதான். கோத்து முடித்த பக்கத்தின்மேல் ஈரமான காகித அட்டையை வைத்து அழுத்துவோம். 'ஃப்ளாங்' என்று பெயர். அட்டையில் எழுத்தெல்லாம் குழியாகப் பதியும். காயவைத்து, வளைத்து, அதில் உருக்கிய ஈயத்தை ஊற்றினால் சுழல் இயந்திரத்துக்கான அச்சுத்தகடு தயார். எங்களுக்குக் காகிதம் அச்சு, ஈயம் வார்ப்பு. இவர்களுக்குப் பிளாஸ்டர் அச்சு, காகிதம் வார்ப்பு. காகிதத்திலிருந்து செய்தித்தாளை நாங்கள் வார்த்தோம். செய்தித்தாளிலிருந்து இவர்கள் முகத்தை வார்க்கிறார்கள்.

மகள் மொழிபெயர்த்து முடித்ததும் பெரியவர் என் வலது கையைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு தன் கையைக் காட்டினார். நகக்கண்களில் காய்ந்த பசை. அதற்குப் பிறகு பேச்சு கொஞ்சம் தாராளமாயிற்று.

இந்த முறையைக் கண்டுபிடித்தவர் அந்தோனியோ தார்லியானோ; ஆண்டு 1925. அதற்கு முன்பும் பெரிய வண்டிகள் இருந்தன. கார்னிவல் தொடங்கியது 1873-இல். வரி கட்டிச் சலித்த பணக்காரர்கள் சிலர் வேடமிட்டு எதிர்ப்புக் காட்டினார்கள் என்பது ஊர்க்கதை. பணக்காரர்கள் வரிக்கு எதிராக நடத்திய போராட்டத்தைத் தொழிலாளிகள் சொந்தமாக்கிக்கொண்டது எனக்குப் பிடித்திருக்கிறது. அப்படித்தான் நடந்திருக்கிறது: இது கப்பல் கட்டும் ஊர். கட்டுமானத் தளத்தில் வேலை செய்த தச்சர்களும் கொல்லர்களும் மரம், சணல், சுண்ணச் சாந்து கொண்டு உருவங்களைச் செய்தார்கள். சாந்து கனம். கனத்தால் உயரத்துக்கு எல்லை வந்தது, அசைவு கிடையாது. காகிதம் வந்ததும் முகம் லேசாயிற்று. லேசானதால் வளர்ந்தது. வளர்ந்ததைக் கயிறு கட்டி அசைக்கவும் முடிந்தது.

நம் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைக்கும் பண்ருட்டிக் கொலுப் பொம்மைக்கும் காகிதக் கூழ் பயன்படுத்துவதைச் சொன்னேன். அவருடைய முதல் கேள்வி, "மழையில் என்ன செய்வீர்கள்?" கொலு வீட்டுக்குள் என்றதும் பொறாமையோடு தலையசைத்தார். இவர்களுக்குப் பயம் இரண்டு: மழை, காற்று. பூச்சு இருப்பதால் தூறலைத் தாங்கும். பெருமழை வந்தால் ஊர்வலத்தையே தள்ளிப்போடுவார்கள். 2021-இல் கொரோனாவால் குளிர்காலக் கார்னிவலைத் தள்ளிவைத்துச் செப்டம்பர், அக்டோபரில் நடத்தினார்கள். ஊர்க்காரர்கள் அரைக்கை சட்டையோடு ஆடினார்களாம்.

"எல்லாம் முடிந்ததும் இவற்றை எங்கே வைப்பீர்கள்?" என்று கேட்டாள் மனைவி. அவர் இரண்டு கைகளாலும் கிழிப்பது போலச் செய்தார். இரும்பு அடுத்த ஆண்டுக்கு. காகிதம் போய்விடும். ஓராண்டில் பெரும்பகுதி உழைப்பு, ஊர்வலம் ஐந்தாறு நாள்.

"வருத்தமாக இருக்காதா?"

"இடம் வேண்டாமா?" என்றார்.

கிளம்பும்போது மகளிடம் ஏதோ சொல்லி என்னைச் சுட்டினார். "நாளைக்கு அப்பாவை வண்டிக்கு முன்னால் நிற்க வேண்டாம் என்கிறார். பின்னால் நிற்க வேண்டுமாம்."

மதியத்துக்குக் கொண்டைக்கடலை மாவைக் கரைத்து, அகலத் தட்டில் ஊற்றி, விறகு அடுப்பில் சுட்ட 'செச்சினா'. மேலே மிளகு. சட்னி இல்லாதது மட்டுமே குறை. மாலையில் ஷெல்லி சதுக்கத்தில் சற்று நேரம் உட்கார்ந்தோம். 1822-இல் படகு கவிழ்ந்து இறந்த அந்த ஆங்கிலக் கவிஞரின் உடலை இந்தக் கடற்கரையோரம்தான் எரித்தார்கள். சிலைக்கடியில் இரண்டு தக்காளிகள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. சனிக்கிழமைக் குடும்பமாகத்தான் இருக்க வேண்டும்.

அறைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, என் மஃப்ளரைப் பட்டறையில் விட்டுவிட்டேன்.

நான்காம் நாள், செவ்வாய்க்கிழமை

'கொழுத்த செவ்வாய்' என்று பெயர். நாளை திருநீற்றுப் புதன். அத்தோடு தவக்காலம், இறைச்சிக்கு விடை. கார்னிவல் என்ற சொல்லுக்கே 'இறைச்சியை விலக்குதல்' என்று மூலம் சொல்கிறார்கள். தவக்காலம் இருக்கிறதோ இல்லையோ, முந்தைய நாள் வயிறு நிறையச் சாப்பிடும் வழக்கம் பத்திரமாக இருக்கிறது. வழியெல்லாம் பொரிக்கும் வாசனை.

பெரியவர் சொன்னபடி பின்னால் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை பார்த்த அதே கிழவி. முன்னால் கைதட்டல் கேட்கிறது. என் முன்னால் இருப்பது இரும்புக் குழாய், மரச் சட்டம், மின்கம்பி, ஒரு தீயணைப்பு உருளை. திரைத்துணி காற்றில் விலகியபோது உள்ளே தெரிந்தது. நீல மேலாடை போட்ட நான்கு பேர். ஒருவர் நெம்புகோலை இரண்டு கையாலும் கீழே அழுத்துகிறார்; வெளியே மக்கள் "ஆ!" என்கிறார்கள். இமை தாழ்ந்திருக்க வேண்டும். இன்னொருவருக்குக் கழுத்தின் பொறுப்பு. எதிர்எடை கட்டிய கயிற்றைக் கிணற்றில் நீர் சேந்துவது போல இழுக்கிறார். இப்போது நீர்விசைப் பொறிகளும் வந்துவிட்டன. வண்டி முழுவதையும் அவை உயர்த்தும், சுழற்றும். ஆனால் முகத்தின் சிறு அசைவுகளை இந்த வண்டியில் ஆட்கள்தான் செய்கிறார்கள். மூன்றாமவர் ரொட்டி தின்றுகொண்டிருந்தார். முறை வந்ததும் ரொட்டியை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு கயிறுகளை இழுத்தார். கிழவி சிரித்திருப்பாள் என்று நினைக்கிறேன். அவர்கள் நால்வரும் இதுவரை அந்தச் சிரிப்பை ஊர்வலத்தில் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

பத்திரிகை அச்சகத்தின் இரவுப் பணி நினைவுக்கு வந்தது. அதைப் பற்றி எழுதினால் நீளும்.

வண்டியின் பின்பக்கத்திலும் சித்திர வேலை இருக்கிறது, குறைவாக. ஆனால் தட்டின் பின்வரிசையில் ஆடுகிறவர்கள் முன்வரிசைக்குக் குறையாமல் ஆடுகிறார்கள். அவர்களைப் பார்ப்பதற்கு என்னையும் ஒரு நாயையும் தவிர யாரும் இல்லை. நான் கைதட்டினேன். எழுபது வயது அம்மாள் ஒருவர் திரும்பி, இடுப்பில் கை வைத்து எனக்கென்று தனியாக ஒரு சுற்றுச் சுற்றினார்.

இருட்டியதும் கடலோரம் வாணவேடிக்கை. அதுபற்றிச் சொல்ல ஒன்றுமில்லை; எல்லா ஊரிலும் வாணவேடிக்கை வாணவேடிக்கைதான்.

ஐந்தாம் நாள், புதன்கிழமை

காலையில் ஊர் காய்ச்சலிலிருந்து எழுந்தவன் போல் இருந்தது. தெரு பெருக்கும் வண்டி கொத்தமல்லியை உறிஞ்சிக்கொண்டு போனது. மாதா கோயிலிலிருந்து நெற்றியில் சாம்பலோடு மூன்று கிழவிகள் வந்தார்கள். பூண்டுப் பாட்டி அவர்களில் ஒருவர். எங்களை அடையாளம் கண்டு கையசைத்தார், இந்த முறை கத்தியில்லாமல்.

ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. மஃப்ளருக்காகச் சித்தாதெல்லாவுக்குப் போனோம். நீள்வட்டத் திடலில் வண்டிகள் நிற்கின்றன. இசை இல்லாமல் பார்த்தால் அவை களைத்துத் தெரிந்தன. பெரியவர் மஃப்ளரை மடித்து ஒரு பழுப்புத்தாளில் சுற்றி வைத்திருந்தார். பின்னால் நின்றேனா என்று மகளிடம் கேட்டார். ரொட்டியைக் கவ்விக்கொண்டு கயிறு இழுத்தவரை நான் நடித்துக் காட்டினேன். அவர் உரக்கச் சிரித்து, கொட்டகைக்குள் யாரையோ பெயர் சொல்லி அழைத்து, மறுபடி நடிக்கச் சொன்னார். வந்தவர் அந்த ரொட்டிக்காரரேதான்.

கதவோரம் ஒரு காது கிடந்தது. நேற்று இரவு திரும்பும்போது மரக்கிளையில் பட்டு உடைந்ததாம். என் உயரத்துக்கு இருந்தது. வெளியே ரோஜா நிறம், மடல்களில் நிழல்கள்கூடத் தீட்டியிருந்தார்கள். உட்புறத்துக்கு வண்ணம் இல்லை, வெறும் செய்தித்தாள். குனிந்து தலையை உள்ளே விட்டேன். கால்பந்துப் பக்கம் ஒன்று. பாதி கிழிந்த மளிகை விளம்பரம். அதற்குமேல் சிறுசிறு சதுரப் படங்கள், ஒவ்வொன்றின்கீழும் ஒரு பெயர், பக்கத்தில் சிலுவை. மொழி தெரியாவிட்டாலும் பக்கம் தெரியும்: இரங்கல் அறிவிப்புகள். இரவுப் பணியில் கடைசியாக வந்து சேரும் பக்கம். எங்கள் ஆபீசிலும் அப்படித்தான். ஆறு பத்தி. மூன்றாவது பத்தியில் ஒரு வரி இடது ஓரத்திலிருந்து லேசாக விலகியிருந்தது. தாள் தலைகீழாக ஒட்டியிருந்ததால் கழுத்தை முறுக்கிக்கொண்டு பார்க்க வேண்டியிருந்தது.

"அம்மா, அப்பா என்ன செய்கிறார்?" என்று மகளின் குரல் கேட்டது.

"பிழை திருத்துகிறார்" என்றாள் மனைவி. "ரயில் போய்விடும், வெளியே வாருங்கள்."